கூரை ஓட்டில் 1865 என்று இருந்தால் ஸ்டேஷனுக்கு வயது அதுவல்ல

சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலம் போகும் பாதையில், மீட்டர் கேஜ் காலத்து ஸ்டேஷன் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பாதை அகலமானபோது தள்ளிப் புதுக் கட்டடம் வந்துவிட்டதால் இதற்கு வேலையில்லாமல் போனது. ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ரீல்ஸ் எடுக்கக் கூட்டம் கிளம்பிவிடும், ஏற்கெனவே இரண்டு ஜன்னல் கொக்கி காணாமல் போயிருக்கிறது.

நான் சூரமங்கலத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். புது வீடுகள்தான் பிழைப்பு. பழைய வீடுகளைச் சரிபண்ணுவது ஆசை. அந்த ஊர் இளைஞர்கள் சிலர், "அண்ணே, இதைப் படிப்பகமாக மாத்த முடியுமான்னு ரயில்வேகிட்ட கேட்கப்போறோம். அதுக்கு முன்னாடி கட்டடம் தாங்குமான்னு நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்" என்று வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி, அவர் அனுப்பிய ஆளோடுதான் உள்ளே போனோம். ஒரு தடவை பார்ப்பதாகப் போனது அதோடு நிற்கவில்லை. என்னோடு வந்தவர் எங்கள் மேஸ்திரி, சுண்ணாம்பு வேலை தெரிந்த கடைசித் தலைமுறைக் கொத்தனார்களில் ஒருவர். உள்ளூரில் எங்களுக்குக் கிடைத்தவர், ஸ்டேஷனில் வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயரான ஒரு பெரியவர். இந்த இரண்டு பேரும் இல்லாமல் நான் மட்டும் போயிருந்தால் ஓடு, செங்கல், மரம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சென்னையிலிருந்து கேரளக் கடற்கரையில் உள்ள பேப்பூருக்குப் போன மெட்ராஸ் ரயில்வேயின் பெரிய பாதை 1862-ல் முடிந்தது. சேலம் அதில்தான் ரயிலைப் பார்த்தது. ஆனால் ஜங்ஷன் சூரமங்கலத்தில், ஊருக்கு வெளியே. சேலம் டவுன் வழியாகப் போவது தென்னிந்திய ரயில்வே மீட்டர் கேஜில் போட்ட இந்த விருத்தாசலம் பாதைதான். வடக்கே சேர்வராயனும் கல்வராயனும், தெற்கே போதமலையும் கொல்லிமலையும் நிற்க, நடுவில் வசிஷ்ட நதி ஓடும் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு பாதை போகிறது. ரயில்காரனுக்கு ஏற்றம் குறைவாக இருக்க வேண்டும். ஊர் எங்கே இருக்கிறது என்பது அவனுக்கு இரண்டாம் பட்சம். அதனால்தான் ஏத்தாப்பூர் ரோடு, வீரபாண்டி ரோடு என்று நம் பக்கத்தில் 'ரோடு' ஒட்டிய ஸ்டேஷன்கள். ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே நடக்க வேண்டிய தூரம் ஒன்று இருக்கும். அந்த நடைக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

கட்டடம் எந்த வருடத்தது என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. எங்களோடு வந்த ஒரு தம்பி, கீழே விழுந்து கிடந்த மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துள்ளினான். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரிமார் அமைப்பின் பெயரோடு 1865 என்று அச்சு. "அண்ணே, நூத்தம்பது வருஷத்துக்கு மேலே!" உடனே போட்டோ, உடனே வாட்ஸ்அப். அந்த வருடம் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். அதற்குப் பிறகு அடித்த ஓடுகளிலும் அதையே போட்டார்கள். இன்னொரு மங்களூர்க் கம்பெனியான ஆல்புகர்க்கின் ஓட்டில் 1868 என்று இருப்பதும் அதே கதை. கடைக்காரர் போர்டில் 'தொடக்கம்' என்று வருடம் போடுகிறாரே, அது நீங்கள் வாங்கிய வேட்டி நெய்த வருடமா?

ஆனால் ஓடு பொய் சொல்வதில்லை, கேட்கத் தெரிய வேண்டும். முதல் உலகப்போருக்குப் பிறகு பாசல் மிஷன் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆக, பாசல் மிஷன் பெயர் இருந்தால் ஓடு பெரும்பாலும் அதற்கு முந்தியது, காமன்வெல்த் என்று இருந்தால் பிந்தியது. இந்தக் கூரையில் இரண்டும் கலந்து கிடந்தன. வேறொரு கட்டடத்தில் இறக்கிய ஓட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தாழ்வாரத்துத் தூண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அவை தூண்களே அல்ல, பழைய தண்டவாளங்கள். தேய்ந்துபோன தண்டவாளத்தை நிமிர்த்தி நட்டு, மேல்முனையை வளைத்து உத்தரத்தைத் தாங்க விட்டிருக்கிறார்கள். தண்டவாளத்தின் நடுப்பட்டையில் உருட்டிய கம்பெனி பெயரும் வருடமும் புடைத்த எழுத்தில் இருக்கும். பெயிண்டுக்கு மேல் பெயிண்டு அப்பி அது மறைந்திருந்தது. சுரண்டக் கூடாது, எழுத்தும் போய்விடும். மெல்லிய காகிதத்தை ஒட்ட வைத்து அடுப்புக்கரியால் படுக்கை வாட்டில் தேய்த்தோம். சிறுவயதில் நாலணாக் காசை இப்படித் தேய்த்திருப்போமே, அதேதான். ஒரு சீமைக் கம்பெனியின் பெயரும் 1890-களில் ஒரு வருடமும் எழுந்து வந்தன. பாதையே போடாத காலத்துத் தண்டவாளம்! எங்கோ ஓடித் தேய்ந்து, இங்கே வந்து தூணாக நின்றிருக்கிறது.

இதில் நான் கற்றுக்கொண்ட முறை எளிது. ஓடு, தண்டவாளம், வார்ப்பிரும்பு இவற்றில் காணும் எந்த வருடமும், அது பின்னால் மாற்றிய பொருளாக இல்லாவிட்டால், 'கட்டடம் இதற்கு முந்தியதல்ல' என்பதை மட்டும்தான் சொல்லும். மறுபக்கத்து எல்லைக்கு வேறு சாட்சி தேட வேண்டும். இங்கே விளக்கு மாட்டும் இரும்புத் தாங்கி ஒன்றில் 'எஸ்.ஐ.ஆர்.' என்று வார்த்திருந்தது. தென்னிந்திய ரயில்வே 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வேயில் கலந்துவிட்டது. அந்தத் தாங்கி அதற்கு முந்தியது. அதுவும் வேறிடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பதால் தாங்கி பதித்த இடத்துச் சாந்தைப் பார்த்தோம். சுவர்ச் சாந்தும் அதுவும் ஒன்று, பின்னால் குத்தி நுழைத்த அடையாளம் இல்லை. இவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்லலாம், அதற்கு மேல் காகிதம் கிடைத்தால்தான்.

இப்போது அந்த நடைக்கு வருகிறேன். தாழ்வாரத்தின் ஒரு ஓரமாக, சுவரோடு ஒட்டி, நெஞ்சு உயரத்துக்குக் கருங்கல் பலகை பதித்த ஒரு மேடை ஓடுகிறது. உட்காரவும் முடியாது, பொருள் பார்த்து வாங்கும் கவுண்டரும் இல்லை. அழகுக்காக வைத்த பட்டை என்று நினைத்து, வரைபடத்தில் அப்படியே குறித்துக்கொண்டிருந்தேன். பாயிண்ட்ஸ்மேன் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு, அது சுமைதாங்கி. தலைச்சுமையோட நடந்து வர்ற ஆளு, இன்னொருத்தரு கை கொடுக்காம தானா எறக்கி வெக்கறதுக்கு. வண்டி வந்ததும் அப்பிடியே தலைக்கு ஏத்திக்கலாம். பாக்கு மூட்டை, மரவள்ளிக் கெழங்கு, மாங்காக் கூடைன்னு எல்லாம் இதுல இருந்துதான் போகும்."

நெஞ்சு உயரம் ஏன் என்று அதற்கப்புறம் கேட்க வேண்டியதில்லை. நம் சாலையோரங்களில் பழைய சுமைதாங்கிக் கல் நிற்பதும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான். எந்த இன்ஜினியரின் மாதிரி வரைபடத்திலிருந்தும் இது வந்திருக்க முடியாது. கட்டிய மேஸ்திரியோ, அப்போதிருந்த ஸ்டேஷன் மாஸ்டரோ, இங்கே வருகிறவர்களைப் பார்த்துவிட்டுச் சேர்த்தது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அந்தக் கட்டடத்தை நான் பார்த்த விதமே வேறு. 'இது எதற்கு?' என்று ஒவ்வொன்றையும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டே போனோம். மாஸ்டர் அறை மட்டும் சுவர் வரிசையிலிருந்து முன்தள்ளி, மூன்று பக்கம் ஜன்னலோடு நிற்கிறதே? நாற்காலியை விட்டு எழாமல் இரண்டு பக்கத்துக் கைகாட்டியையும் பார்க்க. கைகாட்டி படுக்கையாக இருந்தால் நில், இறங்கினால் வா; இரவில் அதற்குப் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கு. அந்த விளக்குகளைத் துடைத்துத் திரி வெட்டி எண்ணெய் ஊற்றும் அறை கட்டடத்தோடு ஒட்டாமல் தள்ளி நிற்கிறது, தீப்பிடித்தால் அதோடு போகட்டும் என்று. ஒற்றைப் பாதை என்பதால், எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அத்தாட்சியான டோக்கன் இல்லாமல் வண்டி நகராது. இரும்பு உருண்டையைத் தரும் டோக்கன் பெட்டி இருந்த இடத்தில் தரையில் நான்கு போல்ட் ஓட்டை இன்னும் இருக்கிறது. நிற்காத வண்டிக்குப் பிரம்பு வளையத்தில் டோக்கனைக் கோத்து நீட்டிய கதையைப் பெரியவர் தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். ஸ்டேஷன் மணி? ஒரு முழம் தண்டவாளத் துண்டு, அதை அடிக்க ஒரு இரும்பு. அது மட்டும் இப்போது இல்லை. தொங்கிய கொக்கி இருக்கிறது.

டிக்கெட் ஜன்னல்தான் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. வெளிப்பக்கம் சிறு வளைவு, உள்ளே கை நுழையும் அளவு ஓட்டை, அடியில் ஒரு கருங்கல் பலகை. சேர்வராயன் மலைக் கல்லான சார்னகைட், நீலம் பாய்ந்த கருப்பு, உளி கொஞ்சமாகவே இறங்கும். அந்தக் கல்லின் நடுவில் ஒரு பள்ளம், விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. காசைத் தள்ளியும் இழுத்தும் விழுந்த பள்ளம். உள்பக்கம் மேசை மேல், எட்மண்ட்சன் அட்டை டிக்கெட்டுக்குத் தேதி குத்தும் மிஷின் முடுக்கியிருந்த திருகு ஓட்டைகள். அந்த அட்டை இரண்டேகால் அங்குலத்துக்கு ஒன்றேகால் கூட இருக்காது. அதற்கு ஏற்றபடிதான் ஓட்டையின் அளவு. ராயபுரம் ஸ்டேஷனின் தூண்களை 1856-லிருந்து ஊரே பார்க்கிறது, எழுதுகிறது, சரி. இந்தக் கல்லின் பள்ளத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி கட்டடத்தின் உடம்பு. அடிமானம் கருங்கல், மேலே செங்கல், சாந்து முழுக்கச் சுண்ணாம்பு. ஆணியால் கீறினால் மாவாக உதிர்ந்து, நடுவே வெள்ளைப் பொட்டும் செங்கல் தூளும் தெரிந்தால் சுண்ணாம்பு. ஆணி கீச்சிட்டு சாம்பல் கோடு போட்டால் சிமெண்ட். உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு எப்போதோ யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான். சுவரில் ஓதம், அதாவது தரையீரம், ஏறுகிறது, சிமெண்ட் போட்டால் நிற்கும் என்று. நடந்தது என்ன? சுண்ணாம்புச் சுவர் தரையீரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வாசலை அடைத்தது. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே வந்து வெளியேறுகிறது. அங்கே உப்புப் பூத்து, செங்கல் முகம் செதில் செதிலாக உரிகிறது. கட்டியபடியே விட்ட சுவர் நன்றாக இருக்கிறது, காப்பாற்ற நினைத்த சுவர்தான் போய்விட்டது.

இன்னொரு பிரச்சினை வெளியே. பழைய பிளாட்பாரம் தாழ்வானது. இப்போதைய உயர்நிலைப் பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரம். பிளாட்பாரம் உயர்ந்தால் பழைய கட்டடம் குழிக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும், மழைத் தண்ணீர் வாசலுக்குத்தான் ஓடி வரும். இங்கே உயர்த்திய பகுதி சற்றுத் தள்ளி முடிவதால் தப்பியது. ஆனாலும் ரசமட்டக் குழாய் பிடித்துப் பார்த்தால் வாட்டம் கட்டடத்தை நோக்கித்தான். பழைய ஸ்டேஷனோ பழைய வீடோ, ஓதத்தைப் பார்த்தவுடன் சுவரைத் தொடாதீர்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக வழியில்லை என்று பாருங்கள். எங்கள் எஸ்டிமேட்டில் முதல் வரி ஒரு வாய்க்கால்தான்.

சிமெண்ட் பூச்சை எடுக்க பிரேக்கர் வைக்கக் கூடாது. சிறு உளியும் மரச் சுத்தியலும் போதும். அடித்து ஓசை பார்த்து, பொக்கையாகக் கேட்கும் இடத்திலிருந்து ஆரம்பித்தால் தட்டுத் தட்டாக வரும். கெட்டியாகப் பிடித்த இடத்தை விட்டுவிடுவது நல்லது, இழுத்தால் செங்கல் முகமும் கூட வரும். ஒரு சுவரில் ஒரு மூலையை மட்டும் அனுமதியோடு இப்படிச் செய்து பார்த்தோம். மறுபூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் சில வாரமாவது ஊறவிட வேண்டும். ஒன்றுக்கு மூன்று மணல், ஓதம் உள்ள இடத்தில் மணலில் ஒரு பங்குக்குச் செங்கல் தூள். மேஸ்திரி கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பார். எவ்வளவு என்று கேட்டால் கையைத்தான் காட்டுவார். "வெல்லம் ஜாஸ்தியானா எறும்பு குடியேறிடும் தம்பி, பூச்சு நமக்கில்ல." பூசிய பிறகு நனைத்த சாக்கைக் கட்டி நிழலில் காய வைக்க வேண்டும். சேலத்து ஏப்ரல் வெயிலில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள், ஒரே மத்தியானத்தில் வெடித்துவிடும். மேலே வெள்ளையடிப்புதான், எமல்ஷன் அடித்தால் மறுபடி வாசலை அடைத்த கதை.

மூலையில் அரசங்கன்று ஒன்று வேர் விட்டிருந்தது. பிடுங்கினால் மூலைக்கல்லும் கூட வரும். தண்டை வெட்டி, வேர் உள்ளே போகும் வரை சாந்தைப் பிரித்து வேரை எடுத்துவிட்டு மறுபடி அடைப்பதுதான் வழி. மேஸ்திரி அந்த வெட்டில் பெருங்காயம் வைப்பார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவர் வைத்த இடத்தில் துளிர்த்ததையும் நான் பார்க்கவில்லை.

அளவெடுப்பதில் ஒன்றிரண்டு விஷயம். அறையின் நான்கு சுவரை மட்டும் அளந்தால் போதாது, இரண்டு மூலைவிட்டமும் எடுங்கள். பழைய அறைகள் சதுரமாக இருப்பதில்லை. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்வைக் குறியுங்கள். போட்டோ எடுக்கும்போது அளவுகோல் ஒன்று படத்தில் இருக்கட்டும். அப்புறம், இருட்டிய பிறகு ஒரு டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் படுக்கை வாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் வெறும் வெள்ளைச் சுவராக இருந்தது, அப்படிப் பார்த்தபோது வெள்ளைக்கு அடியில் எழுத்துகளின் மேடு நிழலாக விழுந்தது: 'பெண்கள் தங்கும் அறை'. வரைபடத்தில் அதுவரை நான் அதைச் சாமான் அறை என்று குறித்திருந்தேன்.

அனுமதி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ரயில் ஓடாவிட்டாலும் நிலமும் கட்டடமும் ரயில்வே சொத்து. அனுமதியில்லாமல் நுழைவது 1989 ரயில்வே சட்டம் 147-ம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம். முதலில் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர், பிறகு கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு எழுத்து மூலம். பழைய வரைபடங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். சேலம் கோட்டம் 2007 நவம்பரில்தான் பிறந்தது, அதற்கு முன் இந்தப் பகுதிகள் பாலக்காட்டிலும் திருச்சியிலும் இருந்தன. ஆகவே மனுவில் அந்த இரண்டு கோட்டங்களையும் குறிப்பிட்டால் 'எங்களிடம் இல்லை' என்ற ஒருவரிப் பதில் வரும் வாய்ப்பு குறையும்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு நம் பழைய சேலம் மாவட்டமே சாட்சி. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் நாரோ கேஜ் குறும்பாதை ஓடியது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூர் - தர்மபுரிக்கு மறுபடி பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய பாதை எங்கே ஓடியது என்று காட்ட ஆள் தேடினால், கிடைப்பவர்கள் எல்லாம் அப்பா சொன்னார், தாத்தா சொன்னார் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எங்கள் ஸ்டேஷனின் வரைபடமும் அறிக்கையும் மனுவோடு போயிருக்கிறது. இப்போதைய கவலை கூரை. தகரம் போட்டுவிடலாம் என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள், செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் மழை பெய்தால் உள்ளே யாரும் படிக்க முடியாது, மே மாதத்தில் உட்காரவே முடியாது. ஓட்டுக்கு ஓடுதான் போட வேண்டும். அதில் ஒரு சிக்கல்: ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் பூட்டு வேறு. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு உட்காராது, உட்கார்ந்ததுபோல் தெரிந்தாலும் சாரலுக்கு ஒழுகும். கலப்பு ஓடு இருந்தால் கம்பெனி வாரியாகப் பிரித்து, ஒரு சரிவுக்கு ஒன்றாகப் போடுங்கள். பழைய ஓடு தேடிப் போகிறவர்கள் மாதிரிக்கு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், போட்டோ போதாது. முகட்டு ஓட்டுக்கு இன்னும் சிரமம். வீடு இடிக்கிறவர்கள் அதைச் சாந்தோடு சேர்த்து உடைத்துத்தான் இறக்குவார்கள். இடிக்கப்போகும் தகவல் தெரிந்தால் முதல் நாளே போய்ப் பேசி, முகட்டை மட்டும் நம் ஆளை வைத்து இறக்கிக்கொள்வது நல்லது. வாழப்பாடிப் பக்கம் ஒரு பழைய மண்டியை ஆடிக்குப் பிறகு பிரிக்கிறார்களாம். மேஸ்திரி போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.